சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வருகிறது

கேள்வி:

கோயம்புத்தூரிலிருந்து பி.ஆர் (நிரந்தர வசிப்புரிமை) வாங்கிக்கொண்டு ஜனவரியில் கனடா வந்தோம். டொரன்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு பேஸ்மென்ட் வீட்டில் இருக்கிறோம். இன்றைக்கு இருபத்து மூன்றாவது நாள். கணவர் ஐ.டி.யில் இருந்தவர், வேலை தேடிக்கொண்டிருக்கிறார். நான் அங்கே பள்ளி ஆசிரியை. வீட்டு ஓனர் நம் தமிழ் ஆள்தான். முதல் மாதம், கடைசி மாதம், டேமேஜ் டெபாசிட் என்று மூன்று மாத வாடகையை ரொக்கமாக வாங்கிக்கொண்டார். ரசீது இல்லை, அக்ரிமென்ட் அப்புறம் தருகிறேன் என்கிறார். ஊரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்த எங்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

மகளுக்கு ஒன்பது வயது. பள்ளியில் வாயே திறப்பதில்லையாம். சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வருகிறது. பக்கத்தில் உட்காரும் பெண் இலங்கைத் தமிழ். "நீ ஏன் கதைக்கிறாய் இல்லை?" என்று கேட்டாளாம். "எனக்குக் கதை சொல்லத் தெரியாதேம்மா" என்று ராத்திரி அழுகிறாள். வீட்டிலும் இங்கிலீஷிலேயே பேசிப் பழக்கிவிடலாமா? ஐந்து வயது மகன் ஊரில் யு.கே.ஜி.யில் கூட்டல் கழித்தல் போட்டவன், இங்கே நாள் முழுக்கத் தண்ணீரிலும் மணலிலும் விளையாடுகிறான். அவனுக்கு இட்லியும் நிலக்கடலைச் சட்னியும் கொடுத்தனுப்பிய அன்று டீச்சர் ஒரு பேப்பர் அனுப்பியிருக்கிறார். அதைப் பிரித்துப் படிக்கவே பயமாக இருக்கிறது. தினமும் காலையில் மாமியார் வீடியோ காலில் வந்து "வேலை கிடைச்சுதா?" என்கிறார். எதை முதலில் செய்வது என்று தெரியவில்லை. வந்ததே தப்போ?

பெயர் வேண்டாம், ஸ்கார்பரோ

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் பேப்பரைப் பிரித்துப் படியுங்கள். நான் பார்க்காமலே சொல்கிறேன், அநேகமாக அது கடலை பற்றிய அறிவிப்புதான். இங்கே சில பிள்ளைகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு இருக்கும். அப்படிப்பட்ட பிள்ளைகளைக் காக்க ஒவ்வொரு பள்ளியும் ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று நாம் இருக்கும் ஒன்டாரியோ மாநிலத்தில் 2006 முதல் சட்டமே இருக்கிறது. அதனால் பல பள்ளிகள் கடலை, முந்திரி எதுவும் வேண்டாம் என்று எல்லா வீட்டுக்கும் எழுதி அனுப்புகின்றன. கோவைக்காரர்களுக்கு நிலக்கடலைச் சட்னி இல்லாமல் இட்லி இறங்காது, தெரியும். அதை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இட்லிப் பொடியில் கடலை சேர்ப்பீர்கள் என்றால் அதுவும் பள்ளிக்கு வேண்டாம். மற்றபடி உங்கள் மேல் யாருக்கும் கோபம் இல்லை.

புதிதாக வந்த குடும்பங்களுக்கு வழிகாட்டுவதுதான் எனக்கு வேலை. நானும் திருச்சியிலிருந்து 2014 பிப்ரவரியில் இப்படித்தான் வந்து இறங்கினேன். உங்கள் கடிதத்தில் உள்ள கவலைகளை நான் இரண்டு குவியலாகப் பிரித்தேன். தள்ளிப்போட்டால் பணமோ உரிமையோ கையை விட்டுப் போகிறவை ஒரு பக்கம், தள்ளிப்போட்டால் தானாகவே பாதி சரியாகிவிடுகிறவை இன்னொரு பக்கம். நீங்கள் இரண்டாவது குவியலுக்காக அழுதுகொண்டு முதல் குவியலை அப்படியே விட்டிருக்கிறீர்கள். எல்லோரும் செய்வதுதான். நானும் செய்தேன்.

முதல் குவியலில் முதல் விஷயம் வீடு. ஒன்டாரியோவில் வீட்டுக்காரர் முன்பணமாகக் கடைசி மாத வாடகையை வாங்கலாம், அதுவும் ஒரு மாதத்துக்கு மேல் கூடாது. டேமேஜ் டெபாசிட் என்ற பெயரில் வாங்குவது சட்டப்படி செல்லாது. ஊரில் பத்து மாதம் கொடுத்த கைக்கு மூன்று மாதம் மலிவாகத்தான் தெரியும். நம் ஆட்கள் ஏமாறுவது சரியாக இந்த இடத்தில்தான். அவருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தியோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். கோபம் வேண்டாம், மரியாதையாகவே எழுதுங்கள்: இன்ன தேதியில் இவ்வளவு பணம் ரொக்கமாகக் கொடுத்தோம், அதற்கு ரசீது வேண்டும், அரசு வகுத்த ஸ்டாண்டர்டு லீஸ் படிவத்தில் ஒப்பந்தம் வேண்டும், டேமேஜ் டெபாசிட் தொகையை அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள். அவர் "சரி, பார்க்கலாம்" என்று பதில் போட்டால்கூடப் போதும், பணம் கைமாறியதற்கு அதுவே ஒரு சாட்சி.

அந்தப் படிவம் 2018 ஏப்ரல் 30-க்குப் பிறகு போடப்படும் சாதாரண வீட்டு வாடகை ஒப்பந்தங்களுக்குக் கட்டாயம். எழுத்தில் கேட்ட 21 நாளுக்குள் அவர் தர வேண்டும். தராவிட்டால் ஒரு மாத வாடகையை நிறுத்தி வைக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அதை நீங்களாகச் செய்துவிடாதீர்கள், அதற்கு முன் உங்கள் பகுதியில் இருக்கும் இலவசச் சட்ட உதவி மையத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். பேசித் தீராவிட்டால் வாடகைத் தகராறுகளைத் தீர்க்கும் லேண்ட்லார்டு அண்ட் டெனன்ட் போர்டில் மனு போடலாம், பணம் கொடுத்து ஒரு வருடத்துக்குள். "நம் தமிழ் ஆளாச்சே, எப்படிக் கேட்பது" என்று தயங்குவீர்கள். நம் தமிழ் ஆள் உங்களிடம் தயங்காமல்தானே வாங்கினார்?

பேஸ்மென்ட் என்பதால் இன்னொன்று. இன்றைக்கே மேலே பாருங்கள், புகை அலாரமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் இருக்கிறதா? சூடேற்றும் ஃபர்னஸ் அநேகமாக நீங்கள் தூங்கும் அறைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அது பழுதானால் வெளிவரும் வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அலாரம் பொருத்தித் தர வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு. இதற்கு மட்டும் 21 நாள் காத்திருக்க வேண்டாம்.

லீஸை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு வேறு காரணமும் இருக்கிறது. இந்த ஊரில் ஒவ்வொரு கதவும் விலாசச் சான்று கேட்டுத்தான் திறக்கும். ஓஹிப் கார்டுக்கு, அதாவது மாநில அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு, பி.ஆர் தாள், அடையாளச் சான்று, இந்த மாநிலத்தில் வசிப்பதற்கான சான்று என்று மூன்றும் அசலாக வேண்டும். லீஸ் கையில் இல்லாததால் நீங்கள் இன்னும் அதைத் தரும் சர்வீஸ் ஒன்டாரியோ அலுவலகத்தின் பக்கம் போகவில்லை என்று நினைக்கிறேன். லீஸ் வரும்வரை உட்கார்ந்திருக்காமல், தபாலில் வரும் வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அந்த விதியை 2020-லேயே எடுத்துவிட்டார்கள், விண்ணப்பித்து ஏற்றுக்கொண்டதுமே காப்பீடு தொடங்கிவிடும். பல்லும் கண்ணாடியும் இதில் வராது. ஆனால் பிள்ளைகளுக்கு வருடம் ஒருமுறை கண் பரிசோதனை இலவசம். கரும்பலகை தெரியாமல் வாயடைத்துப் போன பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன். மகளை ஒரு தடவை கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள். கார்டு வருவதற்குள் ராத்திரியில் காய்ச்சல் வந்தால் 811-ஐக் கூப்பிடலாம், எந்த நேரத்திலும் நர்ஸ் பேசுவார். உயிருக்கு ஆபத்து என்றால் 911. இரண்டு எண்ணையும் ஃபிரிட்ஜ் மேல் ஒட்டி வையுங்கள்.

அடுத்து, உங்கள் பெயரில் வர வேண்டிய பணம். பிள்ளைகளுக்காக அரசு மாதாமாதம் தரும் சைல்டு பெனிஃபிட்டுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்று யூகிக்கிறேன், கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லையே. பி.ஆர் குடும்பம் வந்த உடனேயே விண்ணப்பிக்கலாம். அதை நீங்கள்தான் போட வேண்டும், உங்கள் கணவர் அல்ல. வீட்டில் தாய் இருந்தால் பிள்ளைகளை முதன்மையாகக் கவனிப்பவர் அவர்தான் என்று இந்த நாட்டு வரித்துறை எடுத்துக்கொள்கிறது, பணமும் அவர் பெயருக்கே வரும். கணவர் போட்டால், அவர்தான் முதன்மையாகக் கவனிக்கிறார் என்று நீங்கள் ஒரு கடிதம் கையெழுத்திட்டுத் தர வேண்டியிருக்கும். ஆர்.சி.66 என்ற படிவம், அதோடு புதிதாக வந்தவர்களுக்கான இணைப்பு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகல். ஊரில் நீங்கள் இருவரும் சம்பாதித்ததையும் அதில் டாலராக மாற்றிக் காட்ட வேண்டும், மறைக்காதீர்கள். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையிலான ஆண்டுக்கு, ஆறு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு அதிகபட்சம் 7,997 டாலர், அதற்கு மேல் 17 வயது வரை 6,748 டாலர். குடும்ப வருமானம் குறைவு என்றால் உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து மாதம் 1,200 டாலருக்குக் கொஞ்சம் மேலே வரும். விண்ணப்பம் பரிசீலனையாகிப் பணம் வரச் சில மாதங்கள்கூட ஆகலாம், அதனால்தான் இந்த வாரமே போடச் சொல்கிறேன். பணம் போய்ச் சேர உங்கள் பெயரில் தனியாக ஒரு வங்கிக் கணக்கும் திறந்துவிடுங்கள். இந்த நாட்டில் உங்கள் பெயரில் ஏதாவது ஒன்று இருக்கட்டும்.

வேலைக்கும் வரிக்கும் அரசு தரும் சின் நம்பர் வாங்கிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். அதை வேலை கொடுப்பவர், வங்கி, அரசு தவிர யாரிடமும் சொல்லாதீர்கள், வீட்டு ஓனர் கேட்டாலும்கூட. நான் வந்த புதிதில் ஒரு போன் வந்தது. வரித்துறையாம், பாக்கி கட்டாவிட்டால் ஒரு மணி நேரத்தில் போலீஸ் வருமாம். ஒரு டாலர்கூடச் சம்பாதிக்காத நான் என்ன வரி பாக்கி வைத்திருக்க முடியும் என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை. கிஃப்ட் கார்டு வாங்கக் கடைக்கே போய்விட்டேன். கல்லாவில் இருந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்து, "இதை யார் வாங்கச் சொன்னது?" என்று கேட்டிராவிட்டால் ஐந்நூறு டாலர் போயிருக்கும். எந்த அரசு அலுவலகமும் கிஃப்ட் கார்டில் பணம் கேட்காது. மாமியாருக்கும் சொல்லி வையுங்கள், இப்போது அங்கேயும் இதே கதைதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வந்த 180 நாளுக்குள் பி.ஆர் கார்டுக்கு விலாசம் கொடுத்தாக வேண்டும். தடுப்பூசி அட்டையைப் பொது சுகாதாரப் பிரிவில் பதிய வேண்டும். சின்னம்மை, மெனிங்கோகாக்கல் (ஒருவகை மூளைக்காய்ச்சல்) தடுப்பூசிகள் இரண்டும் நம் ஊர் அரசு அட்டவணையில் கிடையாது, இங்கே பள்ளிக்கு அவை தேவை. போட்டாயிற்றா என்று பாருங்கள். ஊர் லைசென்ஸை வைத்து 60 நாள்தான் வண்டி ஓட்டலாம்.

இனி இரண்டாவது குவியலுக்கு வருகிறேன்.

மகளின் மௌனத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். புது மொழிச் சூழலில் விழுந்த பிள்ளைகள் சில வாரம், சில மாதம்கூடப் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது வழக்கம். ஊரில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவளாக இருந்தாலும் இந்த உச்சரிப்பும் வேகமும் அவளுக்குப் புதுசு. என் மகன் நான்கு மாதம் வகுப்பில் வாய் திறக்கவில்லை. முதன்முதலாக அவன் பேசியது, "அது என் குல்லா" என்று. இன்னொரு பையன் அவன் குல்லாவை எடுத்துப் போட்டுக்கொண்டானாம். அந்தக் குல்லாவை இன்னும் வைத்திருக்கிறேன். பள்ளியில் பேசாத பிள்ளை வீட்டில் பேசுகிறாளா, சிரிக்கிறாளா, தம்பியோடு சண்டை போடுகிறாளா என்று மட்டும் பாருங்கள். வீட்டிலும் அடங்கிப்போனால், தூக்கம் கெட்டால், அப்போது தாமதிக்காமல் டீச்சரிடம் பேசுங்கள்.

வீட்டில் இங்கிலீஷ் வேண்டவே வேண்டாம். நாள் முழுக்கத் தடுமாறிவிட்டு வருகிற பிள்ளைக்குத் தடுமாறாமல் பேச ஒரு இடம் வேண்டும். அதையும் எடுத்துவிட்டால் அவள் எங்கே போவாள்? இங்கிலீஷைப் பள்ளி பார்த்துக்கொள்ளும், தேவைப்பட்டால் ஈ.எஸ்.எல் என்ற தனி இங்கிலீஷ் பயிற்சி உதவியும் கொடுப்பார்கள். இன்னும் ஐந்து வருடம் கழித்து, "இவள் தமிழில் பதிலே சொல்ல மாட்டேன் என்கிறாள்" என்று நீங்களே எனக்கு எழுதுவீர்கள். இந்த ஊரில் அப்படிக் கடிதம் எழுதுபவர்கள்தான் அதிகம். ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்கள் என்று 2014-லேயே சட்டம் போட்டு அறிவித்த மாநிலம் இது. டொரன்டோ பள்ளி வாரியம் தமிழ் வகுப்பும் நடத்துகிறது, நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் இருக்கிறது, நூலக அட்டை இலவசம்.

அந்தப் பக்கத்து சீட் பெண்ணைப் பற்றிப் படித்தபோது சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. 'கதைக்கிறது' என்றால் ஈழத் தமிழில் பேசுவது. அந்தப் பிள்ளை கதை கேட்கவில்லை, "என்னோடு பேசேன்" என்று கூப்பிட்டிருக்கிறது. ஸ்கார்பரோவில் உங்களைச் சுற்றி இருப்பவர்களில் நிறையப் பேர் இலங்கையிலிருந்து, அதுவும் போருக்குத் தப்பி வந்த குடும்பங்கள். கடையில் 'பான்' என்றால் பிரட், 'ஓம்' என்றால் ஆமாம். இன்றைக்கு ராத்திரி மகளிடம் இதையே ஒரு விளையாட்டாகச் சொல்லிக் கொடுங்கள். நாளைக்கு அவள் அந்தப் பெண்ணிடம், "எங்க ஊர்ல கதைன்னா பாட்டி சொல்றது" என்று சொன்னால் போதும். அந்தப் பிள்ளையின் அம்மாவை வாசலில் பார்த்தால் நீங்களும் இரண்டு வார்த்தை கதையுங்கள். பூட்ஸ் எங்கே மலிவு, எந்த டாக்டர் புது ஆட்களை எடுக்கிறார் என்பதெல்லாம் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

சாப்பாட்டு டப்பா விஷயத்தில் எல்லோரும் முதலில் நினைப்பது கேலியைத்தான். வாசனை என்று யாராவது மூக்கைப் பிடித்தார்களா என்று கேட்டீர்களானால், பிள்ளையும் அதையே பிடித்துக்கொள்ளும். அதற்கு முன் நேரத்தைப் பாருங்கள். பல பள்ளிகளில் சாப்பிடக் கிடைப்பது இருபது நிமிடம்தான். அதற்குள் டப்பாவைத் திறந்து, சாப்பிட்டு, மூடி, ஸ்னோ பேண்ட், பூட்ஸ், ஜாக்கெட், கையுறை எல்லாம் மாட்டி வெளியே ஓட வேண்டும். சூடுபடுத்த மைக்ரோவேவும் பிள்ளைகளுக்குக் கிடைக்காது. ஆறிப்போன சாம்பார் சாதத்தை எந்தப் பிள்ளை சாப்பிடும்? இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு ஒத்திகை பாருங்கள். கடிகாரம் வைத்து, அதே டப்பாவை அவளே திறந்து சாப்பிடட்டும். மூடியையே திறக்க முடியவில்லை என்பதுதான் பிரச்சினை என்று கண்டுபிடித்த வீடுகள் எனக்குத் தெரிந்தே நான்கைந்து இருக்கின்றன. வாயகன்ற பிளாஸ்க் டப்பா வாங்கி, காலையில் ஐந்து நிமிடம் கொதிநீர் ஊற்றி வைத்து, கொட்டிவிட்டு, அப்புறம் சாதத்தைப் போடுங்கள். மத்தியானம் வரை சூடு நிற்கும். இல்லாவிட்டால் கையில் எடுத்துச் சாப்பிடுகிற மாதிரி சப்பாத்திச் சுருள், துண்டு போட்ட தோசை. பாதி அளவு போதும், மீதியை மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடட்டும்.

மகன் மணலில் விளையாடுவதைப் பார்த்து உங்களுக்குள் இருக்கும் ஆசிரியைக்குப் பொறுக்கவில்லை, புரிகிறது. இங்கே கிண்டர்கார்ட்டனே விளையாட்டின் வழியாகத்தான். தண்ணீரை அளந்து ஊற்றுவதும் அவர்களுக்குக் கணக்குப் பாடம். எனக்கும் இதில் முழுச் சம்மதம் கிடையாது, இரண்டு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தால் வானம் இடிந்துவிடாது என்பது என் கட்சி. வீட்டில் நீங்கள் சொல்லிக் கொடுங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை.

உங்கள் வேலையைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. இங்கே அரசுப் பள்ளிகளில் ஆசிரியராக ஒன்டாரியோ காலேஜ் ஆஃப் டீச்சர்ஸ் சான்று வேண்டும். பி.எட் மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே நேரடியாக அவர்களுக்கு அனுப்ப வேண்டும். நம் ஊரில் அது எவ்வளவு நடையாக நடக்க வைக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் ஊரில் இருக்கும் தம்பியையோ அப்பாவையோ இப்போதே அந்த வேலையில் இறக்கிவிடுங்கள். நடுவில் பள்ளிகளில் லஞ்ச் ரூம் சூப்பர்வைசர் வேலைக்குப் பாருங்கள். மத்தியானம் ஓரிரு மணி நேரம்தான், சம்பளமும் பெரிதில்லை. ஆனால் இந்த நாட்டுப் பள்ளி உள்ளே எப்படி ஓடுகிறது என்று தெரிந்துவிடும். கணவருக்கு ஒரு செய்தி: 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள், பொதுவில் விளம்பரம் செய்யும் வேலைகளுக்குக் கனடா அனுபவம் கட்டாயம் என்று கேட்கக் கூடாது என்பது 2026 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோ சட்டம். அதைப் பார்த்து ஒதுங்க வேண்டாம், விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். மகளின் பள்ளி ஆபீஸில், "செட்டில்மென்ட் வொர்க்கர் எந்த நாளில் வருவார்?" என்று கேளுங்கள், புதிதாக வந்த குடும்பங்களுக்கு உதவுபவர் அவர். மேலே சொன்ன படிவங்களை எல்லாம் கூட உட்கார்ந்து நிரப்பித் தருவார், தமிழ் பேசுபவரே கிடைக்கவும் வாய்ப்பு உண்டு. காசு கிடையாது. வழி தெரியாவிட்டால், எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்லும் 211-க்குப் போன் போட்டால் சொல்வார்கள்.

மாமியார் போன் இங்கே காலை ஏழரைக்கு வருகிறது என்றால் அங்கே மாலை ஆறு. விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்ததும் பேரப்பிள்ளைகள் ஞாபகம் வருகிறது, பாவம். ஆனால் அது நீங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் ஸ்னோ பேண்ட் மாட்டிக்கொண்டிருக்கும் நேரம். "அத்தை, சனிக்கிழமை காலையில் நாங்களே கூப்பிடுகிறோம், நிதானமாகப் பேசலாம்" என்று கணவரைச் சொல்லச் சொல்லாதீர்கள், நீங்களே சொல்லுங்கள். வேலை கிடைத்தால் முதல் போன் அவருக்குத்தான் என்றும் சொல்லிவிடுங்கள்.

வந்தது தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிற மாதத்தில், ஜன்னல் தரையோடு இருக்கிற வீட்டில் உட்கார்ந்துகொண்டு, வெங்காயத்தின் விலையைக்கூட ரூபாயில் பெருக்கிப் பார்க்கிற ஒருவர் அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க முடியாது. ஜூன் கடைசியில் பள்ளி மூடுவார்கள். அப்போது ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். அன்றைக்குக் கேட்டுக்கொள்ளுங்கள், தப்பு என்று தோன்றினால் திரும்பிப் போவதிலும் வெட்கம் இல்லை, போனவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அதுவரை நாளைக்கு அந்த வாட்ஸ்அப் செய்தி, நாளை மறுநாள் ஆர்.சி.66.

அப்புறம், மகளுக்குப் பூட்ஸ் வாங்கும்போது அரை அங்குலம் பெரிதாக வாங்குங்கள், கனமான சாக்ஸ் போட வேண்டும். மகனுக்குக் கையுறை இரண்டு ஜோடி. ஒன்று எப்படியும் இந்த வாரமே தொலைந்துவிடும்.